பனியன் யூனிட், பால் வண்டி, மஞ்சள் கிடங்கு: ஆப் கட்டுவோருக்கான கிளவுட் பேக்கெண்ட் கேள்வி பதில்

திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தொழில்களுக்கு ஆப் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. தையல் யூனிட், பால் சேகரிப்பு, மஞ்சள் கிடங்கு, லாரி புக்கிங் என்று வேலை மாறும். கேள்விகள் மாறுவதில்லை. பனியன் கம்பெனி முதலாளி கேட்பதும், பெருந்துறையில் கடைசி வருஷம் படிக்கும் தம்பி கேட்பதும் பல நேரம் ஒன்றுதான். போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, இந்த கிளவுட் பேக்கெண்ட்னா என்னதுங்க?

திருப்பூர்க்காரர்களுக்கு இது ஜாப் வொர்க் மாதிரி. ஒரு பனியன் கம்பெனி நூல் வாங்குகிறது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் இன்னொரு இடம். கட்டிங்கும் தையலும் மட்டும் தன் கூரைக்குக் கீழே. சாயப்பட்டறை கட்டாமலே சாயம் போட்ட துணி கைக்கு வருகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறார்கள்.

ஆப்பிலும் போனில் தெரியும் திரை நம்முடைய தையல். அதற்குப் பின்னால் யார் லாகின் செய்தார் என்று சரிபார்ப்பது, கணக்கைச் சேமிப்பது, போட்டோவை வைப்பது, நோட்டிஃபிகேஷன் அனுப்புவது என்று நாலைந்து வேலைகள் இருக்கின்றன. இவை எல்லா ஆப்புக்கும் பொது. இந்த வேலைகளை வாடகைக்குச் செய்து கொடுக்கும் பட்டறைதான் பேக்கெண்ட் பிளாட்ஃபார்ம். ஃபயர்பேஸ், சூப்பாபேஸ், ஆப்ரைட், அமேசானின் ஆம்ப்ளிஃபை எல்லாம் இந்த வகை.

ஜாப் வொர்க்குக்குத் துணி அனுப்பினாலும் டி.சி. (அனுப்பும் சரக்குக்கான டெலிவரி சலான்) போட்டு எண்ணி வாங்குவது நம் பொறுப்பாகவே இருக்கிறது அல்லவா? அதேபோல இங்கேயும் யார் எதைப் பார்க்கலாம், எவ்வளவு செலவாகிறது, பேக்கப் இருக்கிறதா என்ற மூன்றும் நம் தலையில்தான். வாடகைக்குக் கொடுப்பவர் அதைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

ஆபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டர சர்வரா போட்டுக்கிட்டா ஆகாதுங்களா?

ஒரே கட்டிடத்துக்குள் பத்துப் பேர் பயன்படுத்தும் கணக்கு என்றால் தாராளமாக ஆகும். பல வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். யூனிட் அவிநாசியிலும் கிடங்கு பல்லடத்திலும் இருந்து, முதலாளி சென்னையில் இருந்துகொண்டு பார்க்க வேண்டும் என்றால்தான் சிக்கல். கரண்ட் போனால் யு.பி.எஸ். தாங்கும் நேரம் வரைதான் சர்வர். ஹார்டு டிஸ்க் ஒருநாள் போகும். இணைய லைன் அறுந்தால் வெளியூர்க்காரர்களுக்கு எதுவும் தெரியாது.

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 சேமிப்பகத்தையும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இ.சி.2 என்ற வாடகைக் கணினியையும் வெளியிட்டபோது மாறியது இதுதான். கணினியை வாங்குவதற்குப் பதில் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்க முடிந்தது. பின்னர் வந்த பேக்கெண்ட் பிளாட்ஃபார்ம்கள் கணினியையே கண்ணில் காட்டாமல், முடிந்த வேலையை மட்டும் கொடுக்கின்றன.

சரிங்க, எதைத்தான் எடுக்கறது?

ஃபயர்பேஸ் 2011இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 2014இல் கூகுள் கைக்குப் போனது. முதலில் ரியல்டைம் டேட்டாபேஸ் மட்டும் இருந்தது. 2017இல் ஃபயர்ஸ்டோர் என்ற, டாக்குமெண்டுகளாகச் சேமிக்கும் இன்னொரு டேட்டாபேஸ் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு ஆப்புக்கு இதைவிட வேகமாக ஆரம்பிக்கக்கூடியது எதையும் நான் பார்க்கவில்லை. சூப்பாபேஸ் 2020இல் வந்தது. அதன் உள்ளே இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற, டேபிள்களாகச் சேமிக்கும் டேட்டாபேஸ். 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி. ஆப்ரைட்டும் சூப்பாபேஸும் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லாருக்கும் திறந்தது) என்பதால் விரும்பினால் சொந்த சர்வரிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

என் பழக்கம் இது: கணக்கு வழக்கு இருந்தால் போஸ்ட்கிரெஸ், நேரலையாக நகரும் விஷயமும் சிக்னல் இல்லாத ஊரும் இருந்தால் ஃபயர்ஸ்டோர். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் முக்கால்வாசிப் பிரச்சினை இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளம்புகிறது.

டேபிளா இருந்தா என்ன, டாக்குமெண்டா இருந்தா என்ன? எல்லாம் டேட்டாதானுங்களே?

சாயப்பட்டறைக்கு 500 கிலோ துணி அனுப்புகிறீர்கள். மூன்று தவணையில் 180, 160, 148 என்று 488 கிலோ திரும்பி வருகிறது. 12 கிலோ குறைவு, அதாவது 2.4 சதவீதம். ஃபயர்ஸ்டோரில் இந்த டி.சி.யை ஒரு டாக்குமெண்டாகவும் மூன்று வரவை அதன் கீழேயும் அழகாக வைக்கலாம். அந்த டி.சி.யைத் திறந்து பார்க்கும் வரை ஒரு குறையும் இருக்காது.

மூன்று மாதம் கழித்து முதலாளி கேட்பார்: “எந்தப் பட்டறையில 3 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு? கலர் வாரியாச் சொல்லு கண்ணு.” டேபிளில் இது ஒரே ஒரு கேள்வி. அனுப்பியது ஒரு டேபிள், வந்தது ஒரு டேபிள், பட்டறை ஒரு டேபிள். மூன்றையும் இணைத்து, கலர்படி பிரித்து, கூட்டிக் கொடு என்று எழுதினால் வந்துவிடும். ஃபயர்ஸ்டோரின் வழக்கமான கேள்விகளில் அப்படி இணைக்க முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் போனிலோ, கிளவுடில் ஓடும் ஃபங்ஷன் என்ற நம் சின்ன நிரலிலோ கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வரும் என்று மூன்று மாதம் முன்பே தெரிந்து மொத்தத்தைத் தனியாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

முதலாளிகள் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அதனால்தான் பில், இருப்பு, வரவு செலவு என்று வந்தாலே நான் டேபிள் பக்கம் போகிறேன்.

லாரி எங்கே வருகிறது என்று வரைபடத்தில் நகர்வது, அரட்டை, ஒருவர் மாற்றியதும் எல்லார் திரையிலும் மாறுவது ஆகியவற்றுக்கு டாக்குமெண்ட் வகை கச்சிதம். ஒரு டாக்குமெண்ட் 1 எம்.பி. அளவைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு வருஷத்து அரட்டையை ஒரே டாக்குமெண்டுக்குள் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டே போனவர்கள் ஒருநாள் முட்டி நின்றிருக்கிறார்கள்.

இலவசம்ங்கறாங்களே, அது எது வரைக்குமுங்க?

ஃபயர்ஸ்டோரின் இலவச அளவு ஒரு நாளைக்கு 50,000 ரீட், 20,000 ரைட், 20,000 டெலிட், மொத்தச் சேமிப்பு 1 ஜி.பி. ஒரு டாக்குமெண்டை ஒருமுறை படித்தால் ஒரு ரீட், எழுதினால் ஒரு ரைட். பார்க்கப் பெரிசாகத்தான் தெரியும். ஒரு சனிக்கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தையல் யூனிட்டில் 40 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 பண்டல் முடிகிறது. ஒவ்வொரு பண்டலும் ஒரு டாக்குமெண்ட். ஆறு நாளில் 4,800. சனிக்கிழமை பொழுதோட சம்பளம். சூப்பர்வைசர் சம்பளத் திரையைத் திறக்கிறார். ஆப் அந்த வாரத்து எல்லாப் பண்டலையும் இழுத்துக் கூட்டி, ஆளுக்கு எவ்வளவு என்று காட்டுகிறது. ஒரு தடவை திறந்தால் 4,800 ரீட். பத்துத் தடவை திறந்தால் 48,000. “என் கணக்க இன்னொருக்காப் பாருங்கண்ணா” என்று பதினோராவது ஆள் வந்து நிற்கும்போது 50,000 தாண்டிவிடும். இலவசத் திட்டத்தில் அதோடு நின்றுவிடும்.

எப்போது திரும்ப வரும்? அந்த அளவு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படுகிறது. நமக்கு அது மறுநாள் மதியம் பன்னிரண்டரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஒன்றரை. சனிக்கிழமை ஆறு மணிக்கு நின்ற சம்பளக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரும். பஸ்ஸுக்குப் போக வேண்டிய நாற்பது பேர் அதுவரை நிற்க மாட்டார்கள்.

பணம் கட்டும் திட்டத்துக்கு மாறினால் நிற்காது. ஆனால் தப்பு அப்படியேதான் இருக்கும், பில்லாக மாறி வரும். சரியான வழி, பண்டல் பதியும்போதே அந்த ஆளின் வார மொத்தத்தையும் சேர்த்து ஏற்றுவது. ஒரு பண்டலுக்கு இரண்டு ரைட் ஆகும், நாளைக்கு 1,600தான். சம்பளத் திரை இப்போது 40 டாக்குமெண்டை மட்டும் வாசிக்கும். 1,250 தடவை திறந்தால்தான் இலவச அளவைத் தொடும். இரண்டு ரைட்டையும் ஒரே பேட்சாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஒன்று ஏறி மற்றது ஏறாமல் கணக்கு இடிக்கும். பண்டல் பதிவுகளை அழிக்கவும் வேண்டாம். நடு வாரத்தில் பீஸ் ரேட் மாறினால் மொத்தத்தை மறுபடி போட அவைதான் ஆதாரம்.

கூட்டல், எண்ணிக்கை இரண்டையும் ஃபயர்ஸ்டோரையே செய்யச் சொல்லவும் வழி உண்டு. அப்போது ஆயிரம் பதிவு வரைக்கும் ஒரு ரீட் என்ற கணக்கில்தான் பில் வரும். ஆனால் இணையம் இல்லாதபோது அது ஓடாது.

சூப்பாபேஸில் ரீட் கணக்கு கிடையாது. இலவசத் திட்டத்தில் டேட்டாபேஸ் அளவு 500 எம்.பி., ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் ப்ராஜெக்டை நிறுத்தி வைத்துவிடுவார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்து திறக்கும் யூனிட்டுக்கு இது முக்கியமான விஷயம்.

பில் திடீர்னு ஏறாம இருக்க என்ன பண்றதுங்க?

கூகுள் கிளவுடில் பட்ஜெட் அலர்ட் வைக்கலாம். அலர்ட் வைத்தால் மெயில் வரும். செலவு நிற்காது. 2,000 ரூபாய் என்று பட்ஜெட் போட்டுவிட்டு, அதற்கு மேல் போகாது என்று நிம்மதியாக இருப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

பில் ஏறும் வழிகள் பெரும்பாலும் மூன்று. திரையை மூடிய பிறகும் மூடாமல் விட்ட லிஸனர் (மாற்றம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் இணைப்பு) ஒன்று. இரண்டாவது, ஒரு டாக்குமெண்ட் மாறினால் ஓடும் ஃபங்ஷன் அதே டாக்குமெண்டை எழுதுவது. எழுதினால் மாறும், மாறினால் ஓடும், விடிய விடிய ஓடும். மூன்றாவது போட்டோ. துணியில் ஓட்டை இருப்பதைக் காட்ட போன் கேமராவில் எடுத்த நாலைந்து எம்.பி. படத்தை அப்படியே ஏற்றி, பட்டியலில் இருபது படத்தையும் முழு அளவில் இறக்கினால் நூறு எம்.பி. போய்விடும். ஏற்றும் முன்பே போனில் சுருக்குங்கள்.

இன்னொன்று, இந்தியாவில் கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கொடுக்க வேண்டும். பில் வளர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டும் மாதத்தில் யாரும் கவனித்து ஓடிபி கொடுக்காவிட்டால் பணம் போகாது, தொடர்ந்து கட்டாவிட்டால் சேவையும் நின்றுபோகும். பில் மெயில் முதலாளி பார்க்கும் முகவரிக்கு வரட்டும்.

சர்வர் எந்த ஊர்ல இருந்தா நமக்கென்னங்க?

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய் வர மிகக் குறைந்தது 10 மில்லிசெகண்ட். அமெரிக்காவின் வர்ஜீனியா சுமார் 14,000 கிலோமீட்டர், போய் வர 140. உண்மையில் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் இரண்டுமே இன்னும் கூடும். ஒரு திரை ஒன்றன்பின் ஒன்றாக ஆறு தடவை கேட்டால் மும்பைக்கு நொடியில் பதினேழில் ஒரு பங்கு, வர்ஜீனியாவுக்கு முக்கால் நொடிக்கும் மேல். எடை மேடையில் மூட்டையை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அமேசான் 2016இலும் கூகுள் 2017இலும் மும்பையில் ரீஜியன் (சர்வர்கள் இருக்கும் மையம்) திறந்தன. மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையிலேயே இருக்கிறது. ஃபயர்ஸ்டோர் உருவாக்கும்போது இடம் கேட்கும் அந்த ஒரு திரையில் அவசரப்படாதீர்கள். அந்த டேட்டாபேஸின் இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. பழைய ரியல்டைம் டேட்டாபேஸுக்கு இந்தியாவில் இடமே இல்லை, பக்கத்தில் இருப்பது சிங்கப்பூர்.

ஆப்புக்குள்ள ஏபிஐ கீ தெரியுதுங்க. எவனாவது எடுத்துட்டா?

ஏபிஐ கீ என்பது ஆப் எந்த ப்ராஜெக்டோடு பேசுகிறது என்று சொல்லும் குறியீடு. ஃபயர்பேஸின் ஆப் கீயும் சூப்பாபேஸின் பொதுக் கீயும் வெளியே தெரிவதற்காகவே இருப்பவை. அவை வீட்டு விலாசம் மாதிரி. பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. ஃபயர்ஸ்டோரில் அதன் பெயர் செக்யூரிட்டி ரூல்ஸ், சூப்பாபேஸில் ரோ லெவல் செக்யூரிட்டி.

புதிதாகத் தொடங்கும்போது ஃபயர்ஸ்டோர் ‘டெஸ்ட் மோட்’ என்று ஒன்றைக் கொடுக்கும். முப்பது நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். முப்பதாவது நாள் ஆப் நின்றதும் யூடியூபைப் பார்த்து, எல்லாருக்கும் எப்போதும் அனுமதி என்று ஒரு வரியை மாற்றிவிடுகிறார்கள். ஆப் ஓடுகிறது. கதவும் நிரந்தரமாகத் திறந்திருக்கிறது. லாகின் செய்தவருக்கு மட்டும் என்று மாற்றினாலும் போதாது. லாகின் செய்த ஒரு டெய்லர் பக்கத்து டெய்லரின் சம்பளத்தையும், ஏன், பீஸ் ரேட்டையுமே மாற்ற முடியும். தன் பதிவைத் தான் படிக்கலாம், சூப்பர்வைசர் மட்டும் எழுதலாம், ரேட்டை முதலாளி மட்டும் மாற்றலாம் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். நான் இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, டெய்லர் லாகினில் நானே உட்கார்ந்து திருட முயன்று பார்ப்பேன்.

உண்மையில் ஒளித்து வைக்க வேண்டியவை ஃபயர்பேஸின் சர்வீஸ் அக்கவுண்ட் கீயும் சூப்பாபேஸின் சர்வீஸ் ரோல் கீயும். இந்த இரண்டுக்கும் எந்த ரூல்ஸும் கிடையாது, எல்லாம் திறக்கும். ஆப்புக்குள்ளோ, நிரலைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்திலோ அவை போகவே கூடாது. போய்விட்டால் ஃபைலை அழித்தால் போதாது, கீயையே ரத்து செய்து புதிதாக எடுங்கள்.

ஓடிபி லாகின் வெக்கலாமுங்களா?

வைக்கலாம். ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் காசு. சொந்தமாக உள்ளூர் எஸ்.எம்.எஸ். சேவை வழியே அனுப்புவதானால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் பனியன் யூனிட்டில் இது சரிப்படுவதில்லை என்பது என் அனுபவம். வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் சிம் மாற்றுகிறார்கள், ஒரு அறையில் மூன்று பேருக்கு ஒரு போன் இருக்கிறது. நம்பர் மாறினால் சம்பளக் கணக்கே காணாமல் போனமாதிரி ஆகிவிடும். ஆளுக்கு ஒரு டோக்கன் நம்பர், நாலு இலக்கப் பின், தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்வது, சூப்பர்வைசர் திறந்து கொடுப்பது என்று வைத்தேன். நன்றாக ஓடுகிறது. திரையில் இந்தியும் ஒடியாவும் சேர்த்தேன். தன் கணக்கைத் தானே படித்துப் பார்க்க அவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

சிக்னல் இல்லாத ஊருங்க. ஆப் ஓடுமா?

ஃபயர்ஸ்டோர் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தானாகவே போனில் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாதபோது எழுதியது போனில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் ஏறும். வெப்பில் மட்டும் நாம் கேட்டால்தான் அந்த வசதி.

இதை நம்பி அந்தியூர்ப் பக்கம் பர்கூர் மலையில் பால் எடுக்கும் வண்டிக்கு ஓர் ஆப் செய்தேன். லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) மூன்றையும் வாசலிலேயே பதிய வேண்டும். இரண்டு தப்புச் செய்திருந்தேன்.

முதல் தப்பு: நேரத்தை சர்வரே போடட்டும் என்று விட்டிருந்தேன். சர்வர் நேரம் என்பது பதிவு சர்வரைத் தொடும் நேரம். ஒருநாள் வண்டி வழியில் நின்றுபோய், கீழே சிக்னல் கிடைக்க மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. காலை ஆறு மணிக்கு ஊற்றிய பால் முழுதும் மாலைக் கணக்கில் ஏறியது. அடுத்த நாள் ஓர் அம்மா தன் நோட்டை என்னிடம் நீட்டினார். பென்சிலில், ‘காலை 4.5’. ஆப்பில் காலைக்கு நேரே வெறும் கோடு. அவர் சத்தம் போடவில்லை, “நான் ஊத்துனேன் சாமி” என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க வீட்டுக்கு வீடு நோட்டைப் பார்த்துக் கணக்கைத் திருத்தினேன். இப்போது காலையா மாலையா என்பதை ஊற்றும் இடத்திலேயே ஆள் தொட்டுச் சொல்கிறார். போன் நேரம், சர்வர் நேரம் இரண்டும் தனித்தனியாகப் பதிவாகின்றன.

இரண்டாவது தப்பு: ‘சேமி’ பட்டனைத் தொட்டதும் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். சிக்னல் இல்லாதபோது அந்தப் பதில் வராது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டிக்காரர் மறுபடி தொடுவார். ஒரே பால் இரண்டு பதிவு. இதற்கு மருந்து, பதிவின் ஐ.டி.யை நாமே செய்வது: உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றையும் சேர்த்து. பத்துத் தடவை தொட்டாலும் அதே இடத்தில்தான் விழும். பதிலுக்குக் காத்திருக்காமல் ‘போனில் பதிந்தது’ என்று காட்டி, மேலே ஏறியதும் பச்சை டிக் போடுகிறேன்.

பத்துப் பேர் பத்தாயிரம் பேரானா தாங்குமுங்களா?

சர்வர் தாங்கும். நம் வடிவமைப்பு தாங்குமா என்பதுதான் கேள்வி. ஃபயர்ஸ்டோரில் ஒரே டாக்குமெண்டை நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் தொடர்ந்து எழுதாமல் இருப்பது நல்லது. ‘இன்றைய மொத்த உற்பத்தி’ என்று ஒரே ஒரு டாக்குமெண்டை வைத்து 200 போனும் அதில் கூட்டினால் அங்கே நெரிசல். பத்துத் துண்டாகப் பிரித்து எழுதி, படிக்கும்போது கூட்டுங்கள்.

போஸ்ட்கிரெஸில் முதலில் தீர்ந்துபோவது, டேட்டாபேஸோடு ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் கனெக்‌ஷன். ஒவ்வொரு ஃபங்ஷனும் தனியாகத் திறந்தால் சீக்கிரம் நிரம்பும், இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கும் பூலர் வழியாகப் போங்கள். அடுத்தது இண்டெக்ஸ், புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரி. ஆயிரம் வரி இருக்கும்போது சட்டென்று வந்த பட்டியல் பத்து லட்சம் வரியில் திணறினால், தேடும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.

அவங்க கடையச் சாத்திட்டா?

நடந்திருக்கிறது. பார்ஸ் என்ற பிளாட்ஃபார்மை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2016 ஜனவரி 28 அன்று மூடப்போவதாக அறிவித்து, 2017 ஜனவரி 30 அன்று மூடினார்கள். ஒரு வருஷ அவகாசமும் கொடுத்து, பார்ஸ் சர்வரின் மூல நிரலையும் வெளியிட்டார்கள் என்பதால் பலர் தப்பித்தார்கள். எல்லாரும் அவ்வளவு தாராளமாக நடப்பார்கள் என்று சொல்ல முடியாது.

போஸ்ட்கிரெஸ் என்றால் ஒரே கட்டளையில் முழுதையும் எடுத்து வேறெங்கும் ஏற்றலாம், டேட்டாவைப் பொறுத்தவரை கவலை குறைவு. லாகினும் ஃபங்ஷன்களும் மட்டும் திருத்த வேண்டியிருக்கும். ஃபயர்ஸ்டோரிலிருந்து எடுப்பது கஷ்டமில்லை, எடுத்ததை இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவதில்தான் வேலை. அதனால் டேட்டாபேஸோடு பேசும் வரிகளை ஆப் முழுக்கத் தூவாமல் ஒரே இடத்தில் வையுங்கள்.

பேக்கப் அவங்களே எடுப்பாங்களல்லங்க?

சூப்பாபேஸ் இலவசத் திட்டத்தில் தினசரி பேக்கப் கிடையாது. ஃபயர்ஸ்டோரில் அட்டவணை போட்டு எடுக்கப் பணம் கட்டும் திட்டம் வேண்டும். அவர்களுடைய டிஸ்க் போனால் அவர்கள் காப்பாற்றுவார்கள்; உங்கள் ஆள் தெரியாமல் போன மாதக் கணக்கை அழித்தால் அது முறைப்படி அழிந்ததாகத்தான் கணக்கு. எடுத்த பேக்கப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு ப்ராஜெக்டில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே எண்ணுவதில்லை.

ஆதார் போட்டோ எடுத்து வெச்சுக்கலாமுங்களா? எல்லாரும் வெக்கறாங்க.

தேவையில்லாமல் வைக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதலோடு வாங்க வேண்டும், பாதுகாப்பாக வைக்க வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஸ்கூல் வேன் ஆப் செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். சம்பளம் போட டோக்கன் நம்பரும் பேங்க் கணக்கும் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காலேஜ் பசங்க எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க? கார்டு வேணுமா?

வேண்டாம். ஃபயர்பேஸுக்கு எமுலேட்டர் (அதேபோல நடிக்கும் மென்பொருள்) இருக்கிறது, சூப்பாபேஸை டாக்கர் என்ற மென்பொருளில் ஏற்றலாம். இரண்டும் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும், பில் வராது. மளிகைக் கடை ஆப், டூ-டூ லிஸ்ட் எல்லாம் விட்டுவிட்டு உங்கள் தெருவில் யாராவது நோட்டில் எழுதும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பால் நோட்டு, சீட்டு நோட்டு, விசைத்தறிக்குப் பாவு வந்த நோட்டு, எதுவானாலும் சரி. அந்த நோட்டில் அடித்துத் திருத்திய இடங்களைப் பாருங்கள். ஆப்பில் நீங்கள் யோசிக்காமல் விடப்போவது அந்த இடங்கள்தான்.

கணக்கு யார் பேர்ல தொடங்கறதுங்க? எழுதிக் கொடுக்கறவர் பேர்லயே இருக்கட்டுமுங்களா?

கண்டிப்பாகக் கூடாது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பாஸ்வேர்டைத் தேடி அலைவது முதலாளிதான். கிளவுட் கணக்கு, பில் கட்டும் கார்டு, டொமைன், பிளே ஸ்டோர் கணக்கு நான்கும் தொழில் பெயரில் தொடங்கிய ஒரு இமெயிலில் இருக்கட்டும். எழுதுகிறவருக்கு வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள்.

வேலையை ஒப்படைக்கும் நாளில் நான் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து, அனுமதிப் பட்டியலிலிருந்து என் இமெயிலை நானே நீக்குவேன். பிறகு அவர் போனில் அவர் கையாலேயே லாகின் செய்யச் சொல்லி, டேட்டாவும் பில் பக்கமும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.